விலையைக் கேட்கும் முன் ஆற்றின் பெயரைக் கேளுங்கள்

சென்ற இதழில் பண்ணையில் வளர்த்த டிஸ்கஸ் (தட்டு மாதிரி வட்டமான அலங்கார மீன்) பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், "அதெல்லாம் சரி, அமேசானிலேயே பிடித்து வருகிற வைல்ட் டிஸ்கஸை வீட்டுத் தொட்டியில் வைக்க முடியுமா?" என்றுதான் கேட்கின்றன. ஆகவே இந்த இதழ் முழுக்க ஆற்று டிஸ்கஸ்தான். ஃபைட்டர், தங்கமீன் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர்: சார், எங்கள் பக்கத்துக் கடையில் 'வைல்ட் ஹெக்கல்' என்று சொல்லி சில டிஸ்கஸ் மீன்கள் வைத்திருக்கிறார்கள். பண்ணை மீனைவிட மூன்று மடங்கு விலை. பார்த்தால் அழுக்குப் பழுப்பாக, மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்துத் தொட்டியில் பண்ணை மீன் சிவப்பாகத் தகதகக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

நிறம் மங்கியிருப்பதை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. பிரேசிலில் ரியோ நீக்ரோ ஆற்றில் வலையில் அகப்பட்டு, படகில் மனௌஸ் நகரத்துக்கு வந்து, ஏற்றுமதிக்காரர் தொட்டியில் சில நாள் கிடந்து, அப்புறம் பிளாஸ்டிக் பையில் கண்டம் தாண்டி வந்த மீன் வந்த வாரமே பளபளக்காது. நல்ல தண்ணீரில், தொந்தரவில்லாத இடத்தில் சில மாதம் இருந்தால்தான் உடம்பிலுள்ள நீலக் கோடுகள் மெல்ல எழும்பும். உண்மையில், கடைக்கு வந்த அன்றே கண்ணைப் பறிக்கிற 'வைல்ட்' மீனைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஹார்மோன் கொடுத்து நிறமேற்றுகிற வழக்கம் இந்த வியாபாரத்தில் இருக்கிறது.

ஹெக்கல்தானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. டிஸ்கஸின் உடம்பில் மேலிருந்து கீழாக ஒன்பது கரும்பட்டைகள் இருக்கும். முதல் பட்டை கண்ணின் குறுக்கே ஓடும், ஒன்பதாவது வாலடியில் இருக்கும். ஹெக்கலில் இந்த இரண்டும், நட்டநடுவிலுள்ள ஐந்தாவதும் மற்றவற்றைவிட அழுத்தமாகத் தெரியும், அதிலும் ஐந்தாவது அகலமாக, உடம்பை இரண்டாகப் பிரித்த மாதிரி நிற்கும். மீன் பயந்திருந்தால் எல்லாப் பட்டையும் கறுத்துவிடும், நிம்மதியாக இருந்தால் பல பட்டைகள் மங்கிப் போகும், ஆனால் அந்த நடுப்பட்டை மட்டும் முழுசாக மறைவது அபூர்வம். வியன்னாவில் இருந்த யோஹான் ஹெக்கல் 1840ல் டிஸ்கஸ் என்று முதலில் பெயர் வைத்து விவரித்த மீன் இதுதான். பிரேசிலில் பல வருடம் சுற்றிய நாட்டெரர் என்கிற சேகரிப்பாளர் அனுப்பிவைத்த மாதிரிகளைப் பார்த்து எழுதினார்.

பட்டையைப் பார்த்தாயிற்றா, இப்போது கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்த ஆற்று மீன்?" பதில் வரவில்லை என்றால், அல்லது "அமேசான் சார்" என்று பொத்தாம்பொதுவாக வந்தால், மூன்று மடங்கு விலை கொடுக்காதீர்கள். ஏன் என்றால், உங்களிடம் இருக்கும் தண்ணீர் அந்த மீனுக்கு ஆகுமா என்பதற்கு அந்த ஊர்ப் பெயர்தான் பதில் சொல்லும். ஹெக்கல் என்றால் ரியோ நீக்ரோ, நியமுண்டா, அபகாஷிஸ் என்று ஏதாவது ஒரு பெயர் வர வேண்டும். பச்சை டிஸ்கஸ், அதாவது பக்கவாட்டில் செம்புள்ளி விழுகிற ரகம், தெஃபே ஏரிப் பக்கத்திலிருந்து வரும். நீலம் என்று விற்பவை புரூஸ், மனகபுரு பக்கம். அலென்கேர் என்று சொன்னால் கீழ் அமேசானின் செம்பழுப்பு ரகம். ஆய்வாளர்கள் இவற்றை இரண்டு இனமாகப் பிரிப்பதா மூன்றா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நமக்கு அது வேண்டாம், ஆறு தெரிந்தால் போதும்.

இன்னொன்று, கடையில் அவசரப்படாமல் தொட்டி முன்னால் பத்து நிமிஷம் நில்லுங்கள். கண்ணுக்கு மேலே நெற்றி உள்வாங்கிக் கத்தி விளிம்பாக மெலிந்திருந்தால் அந்த மீன் நெடுநாள் பட்டினி. உடம்புக்குப் பொருந்தாமல் கண் பெரிதாக இருந்தால் வளர்ச்சி குன்றியது. ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விட்டால் செவுள் புழு இருக்கலாம். துடுப்பில் சின்னக் கிழிசல், பழைய வடு எல்லாம் குற்றமில்லை, ஆற்றில் பிரான்யாவோடு குடித்தனம் நடத்திய மீனுக்கு அப்படித்தான் இருக்கும். கடைசியாக, உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

கோவை வாசகி: எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர். டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) மீட்டரில் மிகக் குறைவாகக் காட்டுகிறது. உப்பை நீக்கும் ஆர்ஓ இயந்திரம் இல்லாமலே வைல்ட் டிஸ்கஸ் வைக்கலாமா?

கொடுத்துவைத்தவர் நீங்கள். சென்னையில் போர் தண்ணீரோடு மல்லுக்கட்டும் ஆட்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். ஆர்ஓ வாங்கும் காசைப் பெரிய தொட்டிக்குச் செலவழியுங்கள்.

ஆனால் எந்த ஆற்று மீன் என்பது இங்கேயும் வரும். மனௌஸ் அருகே ரியோ நீக்ரோவும் சொலிமோயிஸும் (அமேசானின் மேல்பகுதிக்கு அங்கே அந்தப் பெயர்) சேருமிடத்தில் கறுப்புத் தண்ணீரும் பழுப்புத் தண்ணீரும் கலக்காமல் பல கிலோமீட்டர் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், படம் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் தொட்டிக்கும் விதி. நீக்ரோ தண்ணீர் பால் விடாத டீயின் நிறம், பிஎச் (7க்குக் கீழே போகப் போக அமிலம்) 4க்கும் 5க்கும் நடுவில், கரைந்த உப்பு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம், மின்கடத்துதிறன் 10 மைக்ரோசீமென்ஸ் அளவில்தான் இருக்கும். சொலிமோயிஸ் பக்கத்துத் தண்ணீர் பிஎச் 7ஐ ஒட்டி, உப்பும் பல மடங்கு அதிகம். ஆகவே புரூஸ், மனகபுரு, அலென்கேர் மீன்கள் பிஎச் 6.5, டிடிஎஸ் 100 என்று இருக்கும் தொட்டியில் முணுமுணுக்காமல் வாழும். ஹெக்கலுக்கு 5.5ஐ ஒட்டிக் கொண்டுபோனால் நல்லது. அதற்காகக் கடையில் விற்கும் அமிலப் பாட்டிலைத் தொடாதீர்கள். மென்மையான தண்ணீரில் அது பிஎச்சை ஒரே ராத்திரியில் கீழே தள்ளிவிடும். பாதாம் மரம் என்று நாம் சொல்கிற நாட்டு வாதுமை தெருவுக்குத் தெரு இருக்கிறது, தானாகப் பழுத்து உதிர்ந்து காய்ந்த இலையை, வண்டிப்புகை, பூச்சிமருந்து படாத மரமாகப் பார்த்துப் பொறுக்கி, கழுவிப் போடுங்கள். தண்ணீர் நிறம் மாறும், பிஎச் நிதானமாக இறங்கும், மீனும் ஒளியச்சம் குறைந்து முன்னால் வரும்.

சிறுவாணியில் உள்ள ஒரே சங்கடம் குளோரின். ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, ஒரு நாள் காற்றேற்றி வைத்து, அப்புறம் ஊற்றுங்கள். உங்கள் பகுதிக்கு பில்லூர் தண்ணீரும் மாறி மாறி வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் மீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து: ஐயா, எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. கேத்தல் எல்லாம் வெள்ளையாப் படிஞ்சு போகும். டிஸ்கஸ் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானோ?

விட வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பண்ணை டிஸ்கஸ் கூடச் சமாளித்துக்கொள்ளும், வைல்ட் தாங்காது. உங்களுக்கு இரண்டு வழி.

ஒன்று ஆர்ஓ. கணக்கு எளிது: கிணற்றுத் தண்ணீர் டிடிஎஸ் 900, ஆர்ஓ தண்ணீர் 20 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு கிணறு, ஒன்பது பங்கு ஆர்ஓ கலந்தால் 108 வரும். வெறும் ஆர்ஓ தண்ணீரில் மீனைப் போடாதீர்கள், பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க அதில் ஒன்றுமே இருக்காது.

இரண்டாவது வழி மழை. உங்களுக்கும் எங்களுக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. முதல் இரண்டு மூன்று மழை கூரையைக் கழுவிவிட்டுப் போகட்டும், அதற்குப் பிறகு வருவதைப் பிடித்து மூடி போட்ட பிளாஸ்டிக் டாங்கில் சேர்த்து வையுங்கள். சிமெண்ட் தொட்டியில் சேர்த்தால் அதுவே சுண்ணாம்பை இழுத்துக்கொள்ளும், பிடித்த பலனே போய்விடும். பெரிய டாங்க் இருந்தால் கோடை வரை இழுத்துவிடலாம்.

பெயர் வேண்டாம் என்று கேட்டவர், சென்னை: வைல்ட் டிஸ்கஸ் நான்கு வரவழைத்தேன். எல்லோரும் சொல்கிறபடி பையைத் திறந்து, சொட்டுச் சொட்டாக என் தொட்டித் தண்ணீரைப் பல மணி நேரம் விட்டு, அவ்வளவு பொறுமையாகப் பழக்கினேன். இரண்டு நாளில் மூன்று செத்துவிட்டன. எங்கே தவறு?

பொறுமைதான் தவறு. வருத்தமாக இருக்கிறது, ஆனால் இது நிறையப் பேருக்கு நடக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பைக்குள் மீன் முப்பது, நாற்பது மணி நேரம் இருந்திருக்கும். அத்தனை நேரமும் மூச்சு விட்டதில் கரியமில வாயு தண்ணீரில் சேர்ந்து பிஎச்சைக் கீழே இறக்கியிருக்கும். அதே நேரம் கழிவிலிருந்து அம்மோனியாவும் சேர்ந்துகொண்டே இருக்கும். பிஎச் தாழ்வாக இருக்கும்வரை அந்த அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்கிற வடிவத்தில் கிடக்கும், மீனை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. பிஎச் ஒரு படி ஏறினால், உதாரணமாக 6லிருந்து 7க்கு, நஞ்சாக இருக்கிற பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். 8க்குப் போனால் இன்னொரு பத்து மடங்கு.

இப்போது உங்கள் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறத் தொடங்குகிறது, பிஎச் ஏறுகிறது. அதற்கு மேல் நீங்கள் சொட்டுச் சொட்டாக விட்டதோ சென்னைத் தண்ணீர், அதன் பிஎச் 7.5, 8 இருக்கும். பையில் இருந்த அம்மோனியம் மணிக்கணக்கில் மீனைச் சுற்றியே நஞ்சாக மாறிக்கொண்டிருந்தது. அடுத்த முறை மீன் வரும் முன்பே தனித் தொட்டியில் பிஎச் 6, 6.5 தண்ணீரைத் தயாராக வைத்திருங்கள், டிடிஎஸ்ஸும் அனுப்புகிறவரிடம் கேட்டு அதை ஒட்டி வையுங்கள். விளக்கை அணையுங்கள். கட்டிய பையை அப்படியே அரை மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமன் செய்யுங்கள். பிறகு பையைத் திறந்து, வலை வேண்டாம், வலையில் துடுப்பு முள் மாட்டும், ஈரக்கையால் மீனை ஏந்தித் தொட்டியில் விட்டுவிடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. அவ்வளவுதான்.

முதல் மணி நேரத்தில் மீன் தரையில் சாய்ந்து படுக்கும். உடம்பு ஏறக்குறையக் கறுப்பாகி, ஒன்பது பட்டையும் தெரியும், கண் மட்டும் உருண்டு உங்களைப் பார்க்கும். பதறிப்போய்க் குச்சியால் தொட்டுப் பார்க்காதீர்கள். செவுள் சீராக அசைந்தால் விளக்கைப் போடாமல் தூங்கப் போங்கள். காலையில் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும்.

திருச்சி வாசகர்: இரண்டடித் தொட்டியில் ஜோடி வைக்கலாமா?

கூடாது. பெரிய மீன் 15லிருந்து 20 சென்டிமீட்டர் வரை வளரும், துடுப்போடு சேர்ந்த உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆறு மீனாவது கூட்டமாக இருந்தால்தான் ஒன்றை ஒன்று கடித்துக் கொல்லாது. 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 560 லிட்டர் சொச்சம், அது சரியான அளவு. தண்ணீர் மட்டுமே அரை டன்னுக்கு மேல் எடை, ஸ்டாண்டையும் தரையையும் முதலில் பாருங்கள்.

சேலம் வாசகர்: என்னிடம் ஏற்கெனவே எட்டுப் பண்ணை டிஸ்கஸ் உண்டு. தொட்டியில் இடமும் இருக்கிறது. வைல்டை அதிலேயே விட்டால் என்ன?

இரண்டு பக்கமும் சாகலாம். ஆற்று மீன் தன் உடம்பில் கொண்டுவரும் கிருமிக்கு அது பழகியிருக்கும், உங்கள் பண்ணை மீனுக்குப் பழக்கமில்லை. பண்ணை மீனிடம் இருப்பது ஆற்று மீனுக்குப் புதிது. 1980களின் நடுவில் டிஸ்கஸ் பிளேக் என்று பெயர் வாங்கிய தொற்று, மீன்களைக் கறுப்பாக்கி, தோல் கோழையை உரித்து, தொட்டி தொட்டியாகக் காலி செய்தது. வெவ்வேறு இடத்து மீன்களைப் பார்க்காமல் கலந்ததால் பரவியது என்றே பழைய வளர்ப்பாளர்கள் சொல்வார்கள்.

ஆகவே தனித் தொட்டி, தனி ஸ்பாஞ்ச் ஃபில்டர், தனி பக்கெட், தனி ஹோஸ், குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம். தொட்டியின் அடியில் மணல் வேண்டாம், வெறும் கண்ணாடியாக இருக்கட்டும். அப்போதுதான் அது என்ன கழிக்கிறது என்று தெரியும். மலம் கறுப்பாக இருந்தால் நிம்மதி. வெள்ளையாக, பசைபோல் இழுபட்டு வந்தால் குடலில் ஹெக்சாமிட்டா வகை ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு மெட்ரானிடசோல்தான் வழக்கமான மருந்து, 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்ற கணக்கில், தண்ணீர் மாற்றிக்கொண்டே சில நாள். செவுள் புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் பிராசிக்வான்டெல். ஆனால் அறிகுறி எதுவும் இல்லாத மீனுக்கு, வந்த அன்றே நாலு மருந்தையும் கலந்து ஊற்றுகிற பழக்கம் ஒன்று நம்மூரில் பரவியிருக்கிறது, எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பயணத்தில் நொந்துபோன மீனுக்கு முதல் இரண்டு வாரம் சுத்தமான தண்ணீரும் இருட்டும்தான் மருந்து. மைக்ராஸ்கோப் வைத்திருக்கிற கால்நடை மருத்துவர் யாராவது கிடைத்தால் மலத்தைக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

எட்டு வாரம் முடிந்ததும் உடனே கொட்டிவிடாதீர்கள். உங்கள் பண்ணை மீனில் ஒன்றை எடுத்து, வைல்ட் இருக்கும் தொட்டியில் மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். இரண்டு தரப்பும் நன்றாக இருந்தால் சேர்க்கலாம். என்னைக் கேட்டால், சேர்க்கவே வேண்டாம் என்பேன். வைல்டுக்கு 28 டிகிரி, மென்மையான தண்ணீர், மங்கிய வெளிச்சம். பண்ணை மீன் பிரகாசமான விளக்கில், நாளுக்கு ஐந்து வேளை தின்று பழகியது. தீனி போட்டதும் பண்ணை மீன் பாய்ந்து முடித்துவிடும், வைல்ட் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, எதையும் தின்னவில்லை. பீஃப் ஹார்ட் (மாட்டு இதயம்) கலவை போட்டுப் பார்த்துவிட்டேன், திரும்பியும் பார்க்கவில்லை.

எப்படித் திரும்பும், அது ஆயுசில் மாட்டைப் பார்த்ததில்லையே! ஆற்றில் பிடித்த டிஸ்கஸின் வயிற்றைத் திறந்து பார்த்த ஆய்வுகள், பாசி, மரக்கட்டையில் படிந்த நுண்ணுயிர்ப் படலம், மக்கிய இலைத்துகள், சின்னச் சின்னப் பூச்சிப்புழு என்றே காட்டுகின்றன. இது வேட்டையாடும் மீன் கிடையாது, விழுந்த மரக்கிளைகளுக்கு நடுவே நின்று நாள் முழுக்க மேய்கிற மீன். பண்ணைகளில் பீஃப் ஹார்ட் போடுவது சீக்கிரம் எடை ஏற்றுவதற்கு. வைல்டுக்கு அது அவசியமே இல்லை, தண்ணீரையும் கெடுக்கும்.

உறைய வைத்த பிளட் வார்ம் என்கிற சிவப்புப் புழு கொஞ்சம், ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ச் சிற்றிறால் கொஞ்சம் என்று ஆரம்பியுங்கள். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு வேண்டாம், அது எந்தச் சாக்கடையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. வெப்பத்தை 30க்குக் கொண்டுபோங்கள், பசி எடுக்கும். ஒரு பெரிய மரக்கட்டையைத் தொட்டிக்குள் இறக்குங்கள், ஒளிய இடமிருந்தால்தான் வெளியே வரும். முடிந்தால் கார்டினல் டெட்ரா ஒரு கூட்டம், அதுவும் தனிமைத் தொட்டியில் இருந்து நோயில்லை என்று தெரிந்ததாக, உள்ளே விடுங்கள். சின்ன மீன் வெட்டவெளியில் பயமில்லாமல் தின்பதைப் பார்த்ததும் டிஸ்கஸுக்குத் தைரியம் வரும். தின்ன ஆரம்பிக்கிற அன்று கவனித்துப் பாருங்கள்: புழுவை நேராகக் கவ்வாது. தலையைக் கீழே சாய்த்து, தரையை நோக்கி ஒரு சின்ன நீர்ப்பீச்சு ஊதும், புழு எழும்பும், அப்போது இழுத்துக்கொள்ளும். ஊதுகிறது என்றாலே பாதிக் கவலை போயிற்று.

நெற்றி மெலியாத வரை பன்னிரண்டு நாள் பெரிய விஷயமில்லை. பழகியபின் ஸ்பைருலினா பாசி, கீரை கலந்த தீனிக்கு மெல்ல மாற்றுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ஆற்றில் நிம்மதியாகத் திரிகிற மீனைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் அடைப்பதற்கு நாம் காசு கொடுக்கிறோம். பண்ணை மீன் இருக்கும்போது இது தேவையா அண்ணா?

நியாயமான கேள்வி, பதில் நீங்கள் நினைக்கிற பக்கம் இல்லை.

மனௌஸிலிருந்து ரியோ நீக்ரோவில் சுமார் 400 கிலோமீட்டர் மேலே பார்செலோஸ் என்ற ஊர். அங்கே அலங்கார மீன் பிடிப்பவர்களுக்குப் பியாபெய்ரோ என்று பெயர். ஆறு வற்றுகிற மாதங்களில் வெள்ளக்காட்டிலிருந்து வடிந்த தண்ணீரோடு டிஸ்கஸும் ஏரிகளில் மரக்கிளைகளுக்குள் ஒதுங்கும். ராத்திரியில் சிறுபடகில் போய், விளக்கடித்து, கிளைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் மீனைக் கைவலையால் அள்ளுவார்கள். இன்னொரு முறை, கிளைக்குவியலைச் சுற்றி வலை வளைத்துக் கிளைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போடுவது. இடுப்பளவு தண்ணீரில், இருட்டில் நடக்கிற வேலை.

அந்த ஊரில் 1990களிலிருந்து அலங்கார மீனுக்கென்றே வருஷத் திருவிழா நடக்கிறது. ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து, ஒன்று கார்டினல், இன்னொன்று அகாரா டிஸ்கோ, அதாவது நம் டிஸ்கஸ், ஆடிப்பாடிப் போட்டி போடுவார்கள். மீன் அந்த ஜனங்களுக்குப் பிழைப்பு. 1989ல் தொடங்கிய ப்ராஜெக்ட் பியாபா என்ற அமைப்பு சொல்வது இதுதான்: காட்டுக்குள் வெள்ளம் ஏறி இறங்கினால்தான் மீன், மீன் இருந்தால்தான் அந்தக் குடும்பங்களுக்கு வருமானம், வருமானம் இருக்கும்வரை அவர்கள் மரத்தை வெட்டவோ தங்கம் தோண்டவோ போக மாட்டார்கள். வருஷா வருஷம் வற்றுகிற குட்டைகளில் சிக்கிச் சாகிற சின்ன மீன் கணக்கில் அடங்காது, வலையில் போவது அதில் ஒரு பங்கு. இந்த வாதம் கார்டினலுக்கு நன்றாகப் பொருந்தும். நெடுநாள் வாழ்கிற, பெரிதாகிற டிஸ்கஸுக்கு அதே அளவு பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன், ஒரே ஏரியில் திரும்பத் திரும்ப வலை போட்டால் குறையத்தான் செய்யும்.

அந்த மீனுக்கு உண்மையான ஆபத்து எங்கே என்று பார்க்க வேண்டுமானால் 2023ஐப் பாருங்கள். அந்த வருஷ வறட்சியில் தெஃபே ஏரியின் தண்ணீர் 39 டிகிரியைத் தாண்டியது, நூற்றுக்கு மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் (டால்பின்கள்) செத்து மிதந்தன. பச்சை டிஸ்கஸின் சொந்த ஊர் அது. மனௌஸ் துறையில் நீக்ரோவின் நீர்மட்டம் 1902லிருந்து அளந்து வருவதில் இல்லாத அளவுக்கு இறங்கியது, மறு வருஷம் 2024ல் அதைவிடவும் கீழே போனது. வலை வீசுகிறவனைவிட இதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

ஆகவே என் பதில்: அழகுக்கு மட்டும் மீன் வேண்டும் என்றால் பண்ணை மீனே போதும், வைல்ட் வேண்டாம். ஆற்றின் பெயர் சொல்லி விற்பவரிடம், பத்து வருஷம் வைத்துக் காப்பாற்றுகிற ஏற்பாட்டோடு வாங்கினால் எனக்கு மறுப்பில்லை. வாங்கி மூன்று மாதத்தில் சாகடித்துவிட்டு மறுபடி வாங்குவதுதான் பாவம்.

பினாங்கிலிருந்து: எங்கள் ஊர்ப் பண்ணை டிஸ்கஸ் உலகம் முழுக்கப் போகிறது. அதைவிட வைல்டில் என்ன விசேஷம்?

உங்கள் ஊர் மீனைக் குறை சொன்னால் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும்! பிஜன் பிளட் மாதிரி ரகங்களில் பட்டையே இருக்காது. வைல்ட் மீன் பட்டையால்தான் பேசும். தலைவன் வந்தால் ஒரு மாதிரி, முட்டை போடும் முன் பின்பாதி கறுத்து ஒரு மாதிரி, நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் வந்தால் ஒரு மாதிரி. அதைப் படிக்கப் பழகிவிட்டவர்களுக்குச் சிவப்பு மீன் கொஞ்சம் ஊமையாகத் தெரியும். மற்றபடி உழைப்பு, காசு, தூக்கம் எல்லாவற்றிலும் உங்கள் பினாங்கு மீனுக்கே வெற்றி.

தஞ்சாவூர் வாசகர்: வைல்ட் ஜோடி குஞ்சு பொரிக்குமா? குஞ்சு தாயின் உடம்பைத் தின்னும் என்கிறார்களே, உண்மையா?

உடம்பை இல்லை, தோலில் சுரக்கிற கோழையை. அம்மா மட்டுமல்ல, அப்பாவும் ஊட்டுவார். முட்டை பொரிய இரண்டரை மூன்று நாள், இன்னும் இரண்டு மூன்று நாளில் குஞ்சு நீந்தும், நீந்தியதும் மொத்தக் கூட்டமும் பெற்றோரின் விலாவில் போய் ஒட்டிக்கொண்டு கொத்தும். ஒருவருக்குப் போதும் என்று தோன்றினால் வெடுக்கென்று ஒரு உதறல், அவ்வளவு குஞ்சும் மற்றவர் உடம்புக்கு மாறிவிடும். பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தார் 2010ல் வெளியிட்ட ஆய்வில், முட்டையிட்டபின் அந்தக் கோழையில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுவதையும், மூன்றாவது வார வாக்கில் பெற்றோர் குஞ்சை விட்டு விலகி நீந்தத் தொடங்குவதையும் கண்டார்கள்.

பொரிக்குமா என்றால், அலென்கேர், புரூஸ் ஜோடிகள் பழகியபின் போடும். ஹெக்கல் சுலபத்தில் போடாது, அனுபவசாலிகளையே வருஷக்கணக்கில் காக்க வைக்கும். ஆற்றில் அது புதுவெள்ளம் ஏறும்போது முட்டையிடுகிற மீன். சில வாரம் தண்ணீர் மாற்றுவதைக் குறைத்துவிட்டு, பிறகு மழை பெய்கிற நாட்களில் மென்மையான தண்ணீரைத் தாராளமாக மாற்றிப் பாருங்கள். கடினமான தண்ணீரில் முட்டை வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

வேலூர் வாசகர்: மே மாதம் தொட்டியில் 32 டிகிரி. சில்லர் வாங்கணுமா?

வேண்டாம். 32 அதற்குச் சகிக்கும், சூட்டில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவதுதான் சிக்கல். மூடியைத் திறந்து மேற்பரப்பில் ஒரு சின்ன ஃபேன், கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோன். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம்.

திருநெல்வேலியிலிருந்து: சக்கர் மீன் ஒன்று உண்டு, டிஸ்கஸ் தொட்டியைச் சுத்தம் செய்ய விடலாமா? வேண்டாமென்றால் குளத்தில் விட்டுவிடுகிறேன்.

இரண்டும் வேண்டாம்! ராத்திரியில் அது டிஸ்கஸின் உடம்பில் ஒட்டிக்கொண்டு கோழையைச் சுரண்டும். குளத்தில் விட்டால் இன்னும் மோசம், இப்படி விட்டுவிட்டுப் போனதுதான் தமிழ்நாட்டு ஏரி குளங்களில் பெருகி, வலையைக் கிழித்து, மீனவர்களை அழவைக்கிறது. வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

தாம்பரத்திலிருந்து ஒரு இல்லத்தரசி: இவர் டிஸ்கஸுக்காக ஆர்ஓ ஓடவிடுகிறார். ஒரு பக்கெட் நல்ல தண்ணீருக்கு மூன்று பக்கெட் சாக்கடைக்குப் போகிறது. வாரம் இரண்டு முறை. நான் சொன்னால் கேட்பதில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

சொல்கிறேன். அய்யா, அந்தக் கழிவுத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடியுங்கள். கழிவறைக்கு, தரை துடைக்க, வாசல் தெளிக்க, வண்டி கழுவ எல்லாம் ஆகும். உப்பு ஏறியது, செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள், தென்னை தாங்கும், ரோஜா தாங்காது. தொட்டியிலிருந்து வெளியேற்றுகிற பழைய தண்ணீர் இருக்கிறதே, மீன் கழிவு கலந்தது, அது செடிக்கு முதல்தரம், மருந்து போட்ட வாரங்களைத் தவிர. டிரம்மைத் தூக்கி வைப்பது, துடைப்பது, நிரம்பி வழியாமல் பார்ப்பது எல்லாம் உங்கள் வேலை, அம்மா வேலை இல்லை.